சதுக்கத்தில் நடனம், வீட்டில் தூக்கமில்லை: குவாங்சோ வாசகருக்குச் சட்ட ஆலோசனை

கேள்வி: சீனாவின் குவாங்சோ நகரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவி, பத்து மாதக் குழந்தையுடன் ஐந்தாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஜன்னலுக்கு நேர் கீழே பொதுச் சதுக்கம். காலை ஐந்தரைக்கு ஒரு குழு, மாலை ஏழு முதல் ஒன்பதரை வரை இன்னொரு குழு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெண்கள். சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டியை இழுத்து வந்து வைத்து ஆடுகிறார்கள். குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுகிறது. நேரில் போய்க் கேட்டதும் இரண்டு நாள் சத்தத்தைக் குறைத்தார்கள், பிறகு பழையபடிதான். பதிலுக்கு நாமும் பெரிய ஸ்பீக்கர் வைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நான் வெளிநாட்டவன், அதிலும் வாடகைக்காரன். எனக்குப் புகார் கொடுக்க உரிமை உண்டா? விசாவுக்கு ஏதும் ஆகுமா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வழியில் மட்டும் போகாதீர்கள். அதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2014-ல் வென்சோ நகரில் சதுக்கத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் சுமார் 2,60,000 யுவான் திரட்டி, நடனக்காரர்களை நோக்கி ராட்சத ஒலிபெருக்கிகளைப் பொருத்தினார்கள். இரைச்சல் இன்னும் கூடியது. அதற்கு முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் ஒருவர் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டு, மூன்று மாஸ்டிஃப் நாய்களை ஆடுபவர்கள் மேல் அவிழ்த்துவிட்டார். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக ஆறு மாதச் சிறை. பாதிக்கப்பட்டவராக இருந்தவர் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்.

உங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சீனாவின் பொது ஒழுங்கு தண்டனைச் சட்டத்தை மீறும் வெளிநாட்டவருக்கு அபராதம், காவல் போன்றவற்றோடு சேர்த்து, குறித்த நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற உத்தரவிடவோ, நாடு கடத்தவோ முடியும். நீங்கள் வைக்கும் ஸ்பீக்கரும் சட்டத்தின் கண்ணில் அதே ஒலி மாசுதான். ஆடுபவர்களை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டு அவமானப்படுத்துவதும் வேண்டாம். அவர்கள் உருவத்தின் மேல் அவர்களுக்கு உள்ள உரிமையைக் குடிமைச் சட்டத் தொகுப்பு பாதுகாக்கிறது. பதிவு செய்யும்போது உங்கள் ஜன்னல், கடிகாரம், சத்தம் தெரிந்தால் போதும், முகங்கள் வேண்டாம்.

புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். 2022 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்த ஒலி மாசு தடுப்புச் சட்டம், ஒலியால் பாதிக்கப்பட்ட நிறுவனங்களும் தனிநபர்களும் நிவாரணம் கேட்கலாம் என்றுதான் சொல்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் மட்டும், சீனக் குடிமக்கள் மட்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. புகார் கொடுப்பதே விசா மீறலாகாது. ஒன்றை மட்டும் முதலில் சரிபாருங்கள்: விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடப் பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணைக்கு வரும் காவலர் பாஸ்போர்ட்டைத்தான் முதலில் கேட்பார்.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். "நடனத்தை நிறுத்துங்கள்" என்று எழுதினால் உங்கள் மனு நிற்காது. இந்த ஆட்டத்தை சீன அரசு உடற்பயிற்சியாகப் பார்க்கிறது. 2015-லும் 2017-லும் மத்திய அளவில் வந்த சுற்றறிக்கைகள் அதை ஒழுங்குபடுத்தத்தான் சொல்லின, தடை செய்யச் சொல்லவில்லை. அது நியாயமும்கூட. நாள் முழுக்கப் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டிக்குத் தோழிகளோடு கழியும் அந்த இரண்டு மணி நேரம் சின்ன விஷயமல்ல. நீங்கள் எதிர்க்க வேண்டியது இடம், நேரம், சத்தம் ஆகிய மூன்றை மட்டுமே. மனுவின் முதல் முகவரி அந்தப் பெண்கள் அல்ல, சதுக்கத்தின் நிர்வாகி.

ஏன் என்றால், ஒலி மாசு தடுப்புச் சட்டத்தின் 64-வது பிரிவு இருவர் மேலும் கடமை வைக்கிறது. தெரு, சதுக்கம், பூங்காவில் உடற்பயிற்சி செய்பவர்கள் நிர்வாகி வகுத்த பகுதி, நேரம், ஒலியளவு ஆகியவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். அவற்றை வகுக்க வேண்டியது நிர்வாகியின் கடமை. ஒலியைத் தானாக அளந்து காட்டும் பலகையையும் நிர்வாகி நிறுவலாம். உங்கள் சதுக்கத்தில் இப்படி ஒரு விதிப்பலகை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் படம் எடுங்கள், மீறல் எது என்று உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் உங்கள் முதல் கோரிக்கையே அதுதான். நிர்வாகி பூங்கா அலுவலகமாக இருக்கலாம், தெரு அலுவலகமாக (நகரின் அடிமட்ட அரசு அலுவலகம்) இருக்கலாம், பக்கத்து வணிக வளாகமாகவும் இருக்கலாம். குடியிருப்போர் குழுவில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு முக்கியமான மாற்றத்தையும் சொல்ல வேண்டும். டெசிபல் வரம்பைத் தாண்டியதை நிரூபிக்க முடியாமலே முன்பு பல புகார்கள் முடங்கின. புதிய சட்டப்படி, வரம்பைத் தாண்டாவிட்டாலும், சட்டம் கேட்கும் தடுப்பு நடவடிக்கையை எடுக்காமல் சத்தம் எழுப்பி அடுத்தவரின் இயல்பு வாழ்க்கையைக் கெடுத்தால் அதுவும் ஒலி மாசுதான்.

ஆனாலும் எண்கள் கையில் இருப்பது நல்லது. குடியிருப்புப் பகுதிக்கான தேசியத் தரம் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைகளும் வீடுகளும் கலந்த பகுதி என்றால் 60, 50. முறைப்படி அளப்பது ஜன்னலுக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி. வீட்டுக்குள் அளக்க நேர்ந்தால் ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்து, வரம்பில் 10 டெசிபல் குறைத்துக் கணக்கிடுவார்கள். கைபேசிச் செயலி காட்டும் எண் இறுதிச் சான்றாகாது. அதிகாரி நேரில் வந்து அளக்க வேண்டும் என்று கேட்பதற்கு அது உதவும்.

"இரவு" என்பதற்கு ஒலி மாசு தடுப்புச் சட்டம் தரும் பொதுவான பொருள் இரவு 10 முதல் காலை 6 வரை. ஒன்பதரைக்கு முடியும் மாலைக் குழு அதற்குள் வராது. ஐந்தரைக்குத் தொடங்கும் காலைக் குழு வருகிறது! முதல் அரை மணி நேரத்துக்கு 45 டெசிபல்தான் (கலந்த பகுதி என்றால் 50) அளவுகோல். உங்கள் வலுவான பிடி இதுதான், மனுவில் இதை முதலில் வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு போடுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஸ்பீக்கர் இருந்த இடம், குழந்தை எழுந்த நேரம். பிறகு கட்டட நிர்வாகத்திடமும் குடியிருப்போர் குழுவிடமும் எழுத்தில் கொடுங்கள். அடுத்தது 12345 அரசு சேவை எண். அழைக்கும்போது சீனமொழி தெரிந்த சக ஊழியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இப்படி எழுதலாம்: "காலை 6 மணிக்கு முன் ஒலிபெருக்கி கூடாது. மாலையில் ஸ்பீக்கரைக் குடியிருப்புக்கு முதுகு காட்டி, சதுக்கத்தின் மறுகோடியில் வைக்க வேண்டும். ஒலியளவை நிர்ணயித்துப் பலகையில் எழுத வேண்டும்." ஒலியை ஒரே திசையில் செலுத்தும் ஸ்பீக்கர்கள் பல சீன நகரங்களில் பயன்பாட்டில் உள்ளன. அதையும் கேளுங்கள்.

அதிகாரிகள் முதலில் பேசிப் பார்த்து, திருத்திக்கொள்ளச் சொல்வார்கள். மறுத்தால் எச்சரிக்கை, தனிநபருக்கு 200 முதல் 1,000 யுவான் வரை அபராதம். அமைப்புக்கு 2,000 முதல் 20,000 வரை. குடியிருப்போர் குழுவோ அதிகாரிகளோ தடுத்தும் சமரசம் பேசியும் தொடர்ந்தால் விஷயம் காவல்துறைக்குப் போகும். பொது ஒழுங்கு தண்டனைச் சட்டத்தில் 2026 ஜனவரி 1 முதல் அமலான திருத்தப்படி ஐந்து நாள் வரை காவல் அல்லது 1,000 யுவான் வரை அபராதம், நிலைமை கடுமையானால் பத்து நாள் வரை காவல். முந்தைய படிகளை ஏறாமல் நேரே இந்தப் படிக்குத் தாவ முடியாது. அதனால்தான் ஒவ்வொரு புகாரின் நகலும் முக்கியம்.

அந்த நிலை வரும் முன்பே, அக்கம்பக்கத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மக்கள் சமரசக் குழுவில் முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கட்டணம் இல்லை. நாளைக்கும் அதே சதுக்கத்தைக் கடந்துதான் நீங்கள் குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிப் போகப் போகிறீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். கையெழுத்தாகி 30 நாளுக்குள் இரு தரப்பும் சேர்ந்து நீதிமன்ற உறுதி பெற்றால், மீறும்போது அமலாக்கம் கோரலாம்.

அதுவும் பலிக்காவிட்டால் உரிமையியல் வழக்கு, காலவரம்பு மூன்று ஆண்டு. வழக்கு நடப்பது சீனமொழியில், வழக்கறிஞர் வைத்தால் அவர் சீன உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், தங்குமிடப் பதிவுச் சீட்டு, குறிப்பேடு, 12345 புகார் எண்கள், குழந்தையின் மருத்துவச் சீட்டு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு அவரிடம் கொடுங்கள்.