ஆக்‌ஷனும் அடுப்படியும் கலந்த அனிமே: கேள்வி பதில்

இந்த வாரம் சண்டையும் சமையலும் ஒரே கூரைக்குள் நடக்கும் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். டவுன்லோடு லிங்க் என்னிடம் கிடைக்காது. இன்னொன்று, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு "ஒண்ணுமே நடக்கலையே" என்று வராதீர்கள்.

லேட்நைட்_லோகு: அக்கா, ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா 'ஸ்பை ஃபேமிலி'தான் போடத் தோணுது. ஆனா ஒரு உளவாளி கதைக்கு ஸ்கூல் அட்மிஷன், ஹோம்வொர்க் எல்லாம் எதுக்கு?

அந்த அட்மிஷன்தான் தம்பி உளவு வேலையே. உளவாளி லாய்டு நெருங்க வேண்டிய அரசியல் தலைவர் டொனோவன் டெஸ்மண்ட் வெளியில் தலைகாட்டுவதே அபூர்வம். மகன் படிக்கும் ஈடன் பள்ளியில், முதல் தரப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடும் நிகழ்ச்சிக்கு மட்டும் வருவார். அதற்குள் நுழைய லாய்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை எட்டு ஸ்டெல்லா (பள்ளி தரும் விருது நட்சத்திரம்) வாங்க வேண்டும். ஆக, அதற்காக அவர் தத்தெடுத்த ஆன்யா பரீட்சையில் கோட்டைவிட்டால் இரண்டு நாடுகளுக்கு நடுவே போர் மூளலாம். தாட்சுயா எண்டோ 2019-ல் இதன் மூலக் காமிக்ஸான மங்காவைத் தொடங்கியபோது செய்த கெட்டிக்காரத்தனம் இதுதான். வீட்டுப் பாடத்தையும் நாட்டின் தலைவிதியையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டார். அதனால் ஆன்யா பென்சிலைக் கடித்தபடி முழிக்கும் காட்சியே நமக்குப் பதற்றமாக இருக்கிறது.

இரண்டாம் சீசனின் கப்பல் பயணத்தைக் கவனியுங்கள். லாய்டின் மனைவியாக நடிக்கும் கொலையாளி யோர் ஒரு தாயையும் குழந்தையையும் காக்கக் கொலையாளிகளோடு மோதுகிறாள். அதே கப்பலில் லாய்டும் ஆன்யாவும் உல்லாசப் பயணிகள். தம்பி யூரியை வளர்க்கத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள், அவனோ வளர்ந்துவிட்டான், பிறகு எதற்கு இன்னும் இந்த ரத்தம் என்ற கேள்வி சண்டைக்கு நடுவில்தான் அவளுக்கு வருகிறது. அந்தக் கேள்விக்கு எடை இருப்பதற்குக் காரணம், அதற்கு முன் இத்தனை எபிசோடுகளாக அவள் குழம்பைக் கெடுத்ததையும், அலுவலகத் தோழி கமிலாவிடம் போய்ச் சமையல் கற்றதையும் நாம் உட்கார்ந்து பார்த்திருப்பதுதான்.

ஜெட்_வேகம்: எந்த எந்த எபிசோடை ஸ்கிப் பண்ணலாம்? மெயின் கதை மட்டும் வேணும்.

முதல் ஆள் என்பதால் பொறுமையாகவே சொல்கிறேன். ஃபில்லர் வேறு, அன்றாடம் வேறு. மங்காவில் இல்லாமல் தொலைக்காட்சிக்காகச் சேர்த்தது ஃபில்லர். 'ஸ்பை ஃபேமிலி'யின் சின்னச் சின்னப் பள்ளிக்கூடக் கதைகள் பெரும்பாலும் மங்காவிலேயே இருப்பவை. அப்புறம், ஃபில்லர் என்றாலே கழிவும் இல்லை. 'டிராகன் பால் இசட்' 125-வது எபிசோடில் மனைவி சிச்சியின் நச்சரிப்பு தாங்காமல் கோக்குவும் பிக்கோலோவும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார்கள். மங்காவில் இல்லாத கதை. உலகையே புரட்டிப்போடும் இருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திணறுவதை இன்றும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். அதே தொடரில் நிமிஷக் கணக்கில் கத்திக்கொண்டே சக்தி ஏற்றும் எபிசோடுகளை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

காட்சில்லா_கணேசன்: 'சகமோட்டோ டேஸ்' சகமோட்டோவும் 'ஒன் பஞ்ச் மேன்' சைதமாவும் மோதினா யார் ஜெயிப்பா?

சூப்பர் மார்க்கெட் தள்ளுபடி நாளில் என்றால், தள்ளுபடியை விடாத சைதமா. அடுத்தது.

வெண்பா_வாசகி: வணக்கம். இந்தக் கலவை புதிதா, பழையதா? 90-களுக்கு முந்தைய தொடர் ஒன்றைச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் அம்மா. 'பாட்லேபர்'. 1988-ல் வீடியோவில் வந்தது. ஹெட்கியர் என்ற குழுவின் படைப்பு, ஆரம்ப எபிசோடுகளின் இயக்குநர் மமொரு ஒஷீ. 1989-ல் தொலைக்காட்சித் தொடராகி 47 எபிசோடுகள் ஓடியது. கதை நடப்பது அன்றைக்குப் பத்து வருஷம் தள்ளியிருந்த எதிர்காலத்தில். கட்டுமான வேலைக்கு லேபர் என்ற ராட்சத இயந்திரங்கள் புழங்குகின்றன. அவற்றை வைத்துக் குற்றமும் நடக்கிறது. அதைப் பிடிக்கப் போலீசுக்கும் இயந்திரங்கள் உண்டு.

இதுவரை கேட்டால் ரோபோ சண்டைக் கதை. பார்த்தால் அரசாங்க ஆபீஸ் கதை. இந்தப் போலீஸ் பிரிவை டோக்கியோ விரிகுடாவில் கடலைத் தூர்த்த ஒரு பொட்டல் நிலத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். சாப்பாடு வேண்டுமென்றால் ஷாங்காய்தேய் என்ற சீனக் கடையை நம்ப வேண்டும். ஹிரோமி என்ற மலை போன்ற ஆள் ஓய்வு நேரத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், கோழி வளர்க்கிறார். நோவா தன் இயந்திரத்துக்கு ஆல்ஃபோன்ஸ் என்று செல்லப்பெயர் வைத்துத் துடைத்துத் துடைத்து மினுக்குகிறாள். ஓட்டா கண்ணில் பட்டதையெல்லாம் சுட, மேலிடத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு கேப்டன் கோட்டோவின் தலையில். வில்லன் வருவதைவிட அதற்குப் பிந்தைய பேப்பர் வேலைக்கு இவர்கள் நடுங்குவது பார்க்க வேடிக்கை. அரசு அலுவலகத்தில் ஒரு நாள் வேலை பார்த்தவருக்கும் இது புரியும்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். சண்டையைக் கழித்துவிட்டால் இவர்களுக்கு அன்று சாயங்காலம் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா? 'பாட்லேபர்' ஆட்களுக்கு மலைபோல் இருக்கிறது. 'கௌபாய் பீபாப்'பில் (1998) முதல் எபிசோடிலேயே மாட்டிறைச்சி இல்லாத மாட்டிறைச்சி–குடைமிளகாய் வறுவலுக்குச் சண்டை. 11-வதில் ஃப்ரிட்ஜில் மறந்துபோன கல் இறால் கப்பலையே கலக்குகிறது. 'கின்டாமா'வில் வாள்வீரன் கின்டோக்கி கீழ்வீட்டு ஒட்டோசேக்கு எப்போதும் வாடகை பாக்கி. சோதனையில் தோற்கும் தொடர்களில், ஆட்கள் சும்மா ஜன்னல் வழியாக வெறித்துக்கொண்டு அடுத்த எதிரிக்காகக் காத்திருப்பார்கள்.

ஸ்பீடு_சுரேஷ்: கின்டாமா 367 எபிசோடாமே, ஸ்கிப் லிஸ்ட் ப்ளீஸ்.

ஜெட்_வேகத்துக்குச் சொன்னதே. சீரியஸ் பகுதி மட்டும் பார்க்கிறேன் என்று 58-லிருந்து 61 வரை, பெனிசகுரா பகுதியில் நேராகக் குதிப்பவர்கள் உண்டு. குதிக்கலாம். ஆனால் யார் யாருக்காக அடிபடுகிறார்கள் என்பது தெரியாமல் அடியை மட்டும் பார்ப்பீர்கள்.

ஃப்ரேம்_எண்ணி: ரொம்ப உருக வேண்டாம். வீட்டுக் காட்சி எல்லாம் பட்ஜெட் மிச்சம் பிடிக்கத்தான். வாய் மட்டும் அசையும், சண்டைக்குக் காசு சேரும். அவ்வளவுதான் ரகசியம்.

பாதி சரி. 1963-ல் 'ஆஸ்ட்ரோ பாய்' வாரா வாரம் வந்த நாளிலிருந்தே படங்களைக் குறைத்து வரைவது டிவி அனிமேயின் பிழைப்பு வழி. 'எவாஞ்சலியன்' 22-வது எபிசோடில் லிஃப்டுக்குள் அசுகாவும் ரெயும் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறார்கள். அதையே இறுக்கமான காட்சியாக்கினார்கள் என்பது தனிச் சாமர்த்தியம். 'கின்டாமா' கட்டடத்தின் ஒரே படத்தைக் காட்டிப் பின்னணியில் பேசவிட்டு, தானே தன்னைக் கேலி செய்துகொள்ளும்.

ஆனால் "அவ்வளவுதான்" என்றீர்களே, அங்கேதான் உதைக்கிறது. பேச்சு மலிவு, வேலை செய்யும் கை மலிவில்லை. வாள்வீச்சில் வேகக் கோடு போட்டு மறைக்கலாம். ஒருவர் நாற்காலியில் உட்காரும்போது எடை எங்கே இறங்குகிறது, மாவு பிசையும் கை எப்படி அழுந்துகிறது என்பதில் தப்பு செய்தால் பார்ப்பவர் உடனே கண்டுபிடிப்பார், ஏனென்றால் அது அவர் தினமும் செய்வது. 1974-ல் வந்த, ஆல்ப்ஸ் மலைச் சிறுமியின் கதையான 'ஹைடி'க்காக இசாவோ தகாஹதா குழு ஸ்விட்சர்லாந்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தது; 52 எபிசோடுக்கும் லேஅவுட் (காட்சி அமைப்பு வரைபடம்) ஹயாவோ மியாசாகி. உருகிய சீஸைக் காட்டுவதற்கா பட்ஜெட் மிச்சம்?

ஃப்ரேம்_எண்ணி: ஹைடியில ஆக்‌ஷனே கிடையாதே, கலவைக்கு அது எப்படி உதாரணம்?

நியாயம். கலவைக்கே வருகிறேன். 2021-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பண்ட்': பழைய யாகுசா (ஜப்பானிய ரவுடி) இப்போது ஏப்ரனோடு வீட்டு வேலை பார்க்கிறார். நீங்கள் சொல்லும் சிக்கனத்தின் உச்சம், மங்கா பக்கத்தையே நகர்த்தியது போல இருக்கும். சிரிப்பு வருகிறது, கென்ஜிரோ ட்சுடாவின் குரலுக்கே வரும். ஆனால் அந்த ஆளின் கத்தி வெங்காயத்தில் எப்படி ஓடுகிறது என்பதை நான் பார்க்கவே இல்லை. கொலைகாரக் கை குடும்பக் கையான கதையில் கை அசையவில்லை என்றால் என்ன மிச்சம்?

கைவலி_ஓவியர்: நான் அனிமேஷன்ல கீழ்மட்ட வேலை பார்க்கிறேன். எங்க இடத்துல வெடிப்பு ஷாட்டுக்கு அடிச்சுக்குவாங்க. டீ ஊத்துற ஷாட் வந்தா எல்லாரும் ஃபோனை எடுத்துட்டு வெளிய போயிடுவாங்க.

பார்த்தீர்களா ஃப்ரேம்_எண்ணி.

ஃப்ரேம்_எண்ணி: ஒரு சாட்சி போதாது. ஆனா ஹவுஸ்ஹஸ்பண்ட் விஷயத்துல ஒத்துக்கறேன்.

பாப்கார்ன்: ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் சண்டை போடுங்க.

மாட்டோம். அடுத்தது.

டெலிவரி_குமார்: 'லைகோரிஸ் ரீகாயில்' ஒரு காபிக் கடைக் கதையா, துப்பாக்கிக் கதையா? 1.5-ல பார்த்தேன், கொழப்பமா இருக்கு.

முதல் பத்தியில் என்ன சொன்னேன்? 2022 தொடர், 13 எபிசோட்தான், சாதாரண வேகத்திலேயே பாருங்கள். காபிக் கடையில் வேலை பார்க்கும் ரகசிய ஏஜென்ட் சிசாட்டோ உயிரைக் கொல்லாத குண்டு மட்டும் சுடுகிறவள். கடையில் வாடிக்கையாளரிடம் அவள் காட்டும் கலகலப்பும், எதிரியைச் சாகவிடாத பிடிவாதமும் ஒரே குணம்தான். எதிராளியின் அசைவைப் பார்த்தே குண்டிலிருந்து விலகுகிறாள், அந்தப் பார்வையை வேகமாக ஓட்டினால் நீங்கள் எப்படிப் பிடிப்பீர்கள்?

மாயா_மியாவ்: ஸ்கிப் லிஸ்ட்…

மேலே.

நிஹோன்_நேசன்: இதையெல்லாம் பார்த்தே ஜப்பானிய மொழி கத்துக்கலாமா?

அது என் துறை இல்லை, மொழி ஆசிரியரைக் கேளுங்கள். கின்டோக்கி பேசுவதைப் போல இண்டர்வியூவில் மட்டும் பேசிவிடாதீர்கள்.

ஆறாவது_பெஞ்ச்: சிரிப்பு மட்டும் போதும், அழுகை வேண்டாம். எது?

'ஃபுல் மெட்டல் பேனிக்? ஃபுமோஃபு', 2003, கியோட்டோ அனிமேஷன். போர்க்களத்தில் வளர்ந்த சோஸ்கே சாதாரணப் பள்ளியில் படிக்கிறான். ஷூ லாக்கரை யாரோ தொட்டதாகச் சந்தேகம் வந்ததும் குண்டு வைத்துத் தகர்க்கிறான். உள்ளே இருந்தது காதல் கடிதம். வகுப்புத் தோழி கனாமே காகித விசிறியால் மண்டையில் போடுவாள். மூலத் தொடரின் ராணுவக் கதையைத் தனியே ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்தார்கள், அழ வழியே இல்லை.

இல்லத்தரசி_இந்திரா: என் மாமியாரோடு உட்கார்ந்து பார்க்க ஒன்று சொல்லுங்கள். வயது எழுபது, சீரியல் பழக்கம்.

'ஸ்பை ஃபேமிலி'யை முதலில் போடாதீர்கள், யோரின் அறிமுகத்திலேயே ரத்தம் தெறிக்கும். சப்டைட்டில் படிக்கக் கண் ஒத்துழைக்காது என்றால் தமிழில் குரல் கொடுத்த தொடராகப் பாருங்கள். அனிமே ஸ்ட்ரீமிங் தளமான க்ரஞ்சிரோலில் சில இருக்கின்றன. படிப்பார் என்றால் 'டெலிஷஸ் இன் டன்ஜன்' போடுங்கள், 2024, 24 எபிசோட், ட்ரிகர் ஸ்டூடியோ. டிராகன் விழுங்கிய தங்கையை மீட்கப் போகிறவர்கள் கையில் காசில்லாமல் வழியில் அடிக்கும் பூதங்களையே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பாதிக்கு மேல் கொஞ்சம் கோரம் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செல்வாக்குள்ள மாமியாராக இருந்தால் குழுவின் சமையல்காரன் சென்ஷி குழம்பில் உப்பு எப்போது போட்டான் என்று கேட்பார், ரிமோட்டைக் கொடுத்துவிடுங்கள்.