ஓயாத கவலையும் சீன மருத்துவமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கவலையால் என் மண்ணீரல் தளர்ந்துவிட்டது என்கிறார் சீன மருத்துவர். ஸ்கேனில் ஒரு குறையும் இல்லையே?

பதில்: ஸ்கேனில் தெரியும் உறுப்பை அவர் சொல்லவில்லை. சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்றால் செரிமானத்தையே நடத்தும் ஆற்றல். சோற்றைச் செரிப்பதோடு நினைப்பைச் செரிப்பதும் அதன் பொறுப்பு. ஒரே எண்ணத்தை அசைபோட்டால் உயிராற்றல் முடிச்சு விழுந்து நின்றுவிடும் என்று சுமார் 2000 ஆண்டுகள் பழைய சீன மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங் சொல்கிறது. அதனால்தான் கவலை என்று வருபவரிடம் பசி எப்படி, வயிறு உப்புகிறதா என்று முதலில் கேட்கிறோம். நாக்கு வெளிறித் தடித்து, ஓரத்தில் பல் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்தால் மண்ணீரல் தளர்ந்திருக்கிறது என்று கொள்வோம்.

கேள்வி: தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல இருக்கிறது. விழுங்கினாலும் போகவில்லை, துப்பினாலும் வரவில்லை.

பதில்: இதற்குச் சீனர்கள் வைத்த பெயர் 'பிளம் கொட்டை' அடைப்பு. மனக்கலக்கத்தில் உயிராற்றல் தொண்டையில் தேங்குவதாகக் கருதி, ஹான் அரச காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் கஷாயமே வகுத்திருக்கிறார். ஆனால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சோறு இறங்கவில்லை, எடை குறைகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மருந்தே இல்லாமல் கவலையைத் தீர்த்திருக்கிறார்களா?

பதில்: ஜின் அரச காலத்து மருத்துவர் ஜாங் சோங்ஜெங்கிடம் ஒரு செல்வந்தர் தம் மனைவிக்காக வந்தார். ஓயாத யோசனையால் அந்தப் பெண்மணிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறக்கமில்லை. நாடி பார்த்த ஜாங், கணவரோடு பேசிவைத்துக்கொண்டு ஏராளமாகப் பணம் வாங்கினார், சில நாள் மது அருந்தினார், மருந்து எதுவும் எழுதித் தராமலே கிளம்பிவிட்டார். அம்மையாருக்கு வந்ததே கோபம்! உடம்பெல்லாம் வியர்த்தது, அன்றிரவே அயர்ந்து தூங்கினார். எட்டொன்பது நாள் எழவே இல்லை என்றும், பிறகு நன்றாகச் சாப்பிட்டார் என்றும் குறிப்பு சொல்கிறது.

சீனர்களின் ஐம்பூதக் கணக்கில் மரமும் ஒரு பூதம்; அதில் நினைப்பு மண், கோபம் மரம். இறுகிய மண்ணை வேர் பிளக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு இது. ஆனாலும் நோயாளியை ஏமாற்றிக் கோபப்படுத்த நான் ஒருபோதும் துணிய மாட்டேன். வியர்க்க வியர்க்க நடந்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். 'கவலைப்படாதே' என்ற அறிவுரை செய்யாததை அது பலருக்குச் செய்கிறது.

கேள்வி: குய்பி தாங் என்ற சீன மூலிகை மருந்து இணையத்தில் கிடைக்கிறது. தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 1253-இல் சீன மருத்துவர் யான் யோங்ஹே தொகுத்த நூலில் உள்ள அருமையான மருந்துதான் அது: ஜின்செங், லாங்கன் பழம், இலந்தை விதை எல்லாம் சேரும். பிற்காலத்தில் சேர்ந்த தாங்குய் வேர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஆபத்தாகலாம். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் அப்படித்தான். எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். இரவில் நினைப்பு சுழலும்போது ஷென்மென் என்ற அக்குபங்சர் புள்ளியை அழுத்திப் பாருங்கள்: மணிக்கட்டின் உள்மடிப்பில், சுண்டுவிரல் பக்கம் விரல் பதியும் சிறு பள்ளம். மெதுவாக, ஒரு நிமிடம்.