மழை கேட்கும் புத்தர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லாவோஸுக்குப் போன மைத்துனர், மரத்தில் செதுக்கிய புத்தர் சிலை ஒன்றின் படம் அனுப்பினார். இரண்டு கைகளையும் நேரே கீழே நீட்டியபடி நிற்கிறார். 'மழை கேட்கும் புத்தர்' என்று சொன்னார்களாம். ஆசையை விடச் சொன்னவர் மழை கேட்பாரா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: கேட்பார். படத்தில் விரல்களைப் பாருங்கள், எல்லாம் நிலத்தையே காட்டும். மேலாடை இரு பக்கமும் சிறகு போல வெளியே வளைந்து நிற்கும். லாவோஸின் பழைய தலைநகரான லுவாங் பிரபாங் சிற்பிகளுக்கு மிகப் பிடித்த கோலம் இது. அங்கே விசுன் விகாரைக்குள் இப்படியான பழைய மரச்சிலைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாய்லாந்தில் கோலம் வேறு. பாங்கொக்கில் அரச ஏர்பூட்டு விழாவுக்கு எழுந்தருளும் புத்தர் உட்கார்ந்திருப்பார். வலக்கை மழையை வா என்று அழைக்கும், இடக்கை விழும் நீரை ஏந்தும். எனக்கு லாவோஸ் புத்தரைத்தான் கூடப் பிடிக்கும். தண்ணீர் எங்கே வந்து சேரவேண்டும் என்று காட்டிக்கொண்டு நிற்கிறார் அவர்.

தாய்லாந்துச் சிலைக்குச் சொல்லும் கதை, புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் இருக்கிறது. கோசல நாட்டில் மழை பொய்த்தது. புத்தர் தங்கியிருந்த ஜேதவன மடத்துக் குளம் வற்றி, சேற்றுக்குள் புதைந்து கிடந்த மீன்களையும் ஆமைகளையும் காகங்கள் கொத்தித் தூக்கின. புத்தர் அதைக் கண்டார். சீடர் ஆனந்தரிடம் குளிக்கும் துணியைக் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டு, தண்ணீர் இல்லாத அந்தக் குளத்தின் படியில் போய் நின்றார். மழை கொட்டியது. அப்புறம் சீடர்களுக்குத் தன் முற்பிறப்பைச் சொன்னார். முன்பு மீனாகப் பிறந்திருந்தபோதும் இதே வறட்சி. மீனை மீன் தின்னும் குலத்தில் பிறந்தும் தான் ஓர் உயிரைக் கொன்றதில்லை, இது உண்மையானால் மழை பெய்யட்டும் என்று மழைத் தெய்வமான பர்ஜன்யனை அழைத்தாராம்.

தான் காத்த நெறியைச் சாட்சியாக வைத்து மழையைக் கேட்கிறார், கவனித்தீர்களா? கண்ணகியின் கற்பை முன்வைத்து மழைக்காவியம் பாடுகிற நமக்கு இது உடனே பிடிபடும். மானாவாரி வயலில் பயிர் கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நிற்கும்போது மழை தவறினால் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மீன் கதையைச் சும்மா கதையாக என்னால் படிக்க முடிவதில்லை.

கேள்வி: இலங்கையில் மழைக்காகப் புத்தர் சிலையை வழிபட்டது உண்டா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: உண்டு. நான்காம் நூற்றாண்டு கடக்கும் காலத்தில் அனுராதபுரத்தில் உபதிஸ்ஸன் என்ற அரசன் இருந்தான். நாட்டில் பஞ்சமும் நோயும் சேர்ந்து வந்தன. அவன் பொன்னால் புத்தர் சிலை செய்வித்து, புத்தருடைய கற்பாத்திரத்தில் நீர் நிரப்பி அதன் கையில் வைத்துத் தேரேற்றினான் என்கிறது இலங்கை அரசர் வரலாறு சொல்லும் பாளி நூலான சூளவம்சம். பிக்குகள் தீங்கு நீங்க ஓதும் இரத்தின சூத்திரத்தை ஓதி, நீர் தெளித்தபடி இரவு முழுவதும் நகரைச் சுற்றினார்கள். விடியும் நேரம் பெருமழை.

அனுராதபுரம் போனால் இசுறுமுனிய விகாரையில் குளத்தோரப் பாறையில் செதுக்கிய, குளிக்கும் யானைகளையும் பாருங்கள். அவை மழைமேகங்கள் என்றும், மேலே ஒரு குதிரைத் தலைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனிதன் பர்ஜன்யன் என்றும் தொல்லியல் அறிஞர் பரணவிதான கருதினார். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி அந்த மனிதனைக் கபில முனிவர் என்றார். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் பரணவிதானவின் பக்கமே மனம் சாய்கிறது.

கேள்வி: லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொன்முலாம் பூசிய அம்மன் நம் கண்ணகி என்கிறார்களே? (வாசகர், திருக்கோவில்)

பதில்: அது தாரை, மகாயான பௌத்தத் தேவி. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்தது. 143 சென்ரிமீற்றர் உயர வெண்கலம். இலங்கையில் ஆங்கிலேய ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். நெடுநாள் அதைப் பத்தினி தெய்வம் என்றே எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் கண்ணகி என்ற பேச்சு. சிங்களவரின் பத்தினியும் நம் கண்ணகியும் ஒருவரே. மழை வேண்டியும் நோய் நீங்கவும் நாம் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, கொம்புகளைக் கொளுவி இழுக்கும் கொம்புமுறி விளையாடினோம். அவர்களும் இரண்டு கட்சியாகக் கொம்பிழுத்து அங்கெலிய விளையாடினார்கள்.

கொம்புமுறிப் பாட்டுத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள். கைபேசியில் பதிந்து அனுப்பினாலும் சரி.