கார் கடன் பாக்கி நிற்கும்போது ஆர்.டி.ஐ. கவர் தேவையா?

கேள்வி: 9.80 லட்சம் ஷோரூம் விலையில் கார் வாங்கப் போகிறேன். ஆன் ரோடு 11.50 லட்சம் வருகிறது. கையில் ஒரு லட்சம்தான் இருக்கிறது. மீதி 10.50 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் 7 வருடக் கடன். இன்சூரன்ஸில் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' (ஆர்.டி.ஐ.) என்று ஒன்றை டீலர் சேர்த்திருக்கிறார். பம்பர் டு பம்பர் இருக்கும்போது இது எதற்கு? எடுத்துவிடச் சொல்லலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: எடுத்துவிடாதீர்கள். உங்கள் கணக்குக்கு அது தேவை. ஆனால் டீலர் சொல்கிற விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வண்டி இடித்துப் பட்டறைக்குப் போனால், மாற்றுகிற பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் கம்பெனி தரும். அந்தக் கழிவைத் தடுப்பது பம்பர் டு பம்பர். வண்டியே திருடு போனாலோ அப்பளமாக நொறுங்கினாலோ அதனால் பிரயோஜனம் இல்லை. அப்போது கிடைப்பது பாலிசியில் ஐ.டி.வி. (கம்பெனி வண்டிக்குப் போட்ட மதிப்பு) என்று போட்டிருக்கும் தொகைதான். ஷோரூம் விலையில் ஆரம்பித்து அது வருடா வருடம் தேயும்: புது வண்டிக்கே 5 சதவீதம் போய்விடும், ஒரு வருடம் தாண்டினால் 20, இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40. கடன் இந்த வேகத்தில் தேயாது.

உங்கள் வண்டியையே எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,160 ரூபாய். 18 தவணை கட்டிய பிறகும் பாக்கி 8.80 லட்சம் நிற்கும். அந்த வருடத்து ஐ.டி.வி. 7.84 லட்சம். அன்று வண்டி காணாமல் போனால் 7.84 லட்சமும் நேராக வங்கிக்குப் போகும். பாலிசியிலேயே ஹைப்பாதிகேஷன் (வண்டி அடமானம்) என்று வங்கியின் பெயர் இருக்கிறதே. மீதி 96 ஆயிரத்தை, இல்லாத காருக்காக நீங்கள் கட்ட வேண்டும். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம் இல்லை, ரிட்டர்ன் டு இன்வாய்ஸின் சுருக்கம்) இருந்தால் பில் தொகையான 9.80 லட்சம் வரும். வங்கிக்குப் போக ஒரு லட்சம் உங்கள் கையில் நிற்கும்.

அமெரிக்காவில் 'கேப் இன்சூரன்ஸ்' என்று விற்பது கடன் பாக்கியைப் பார்த்துத் தரும். நம் ஊர் ஆர்.டி.ஐ. பில்லைத்தான் பார்க்கும். நீங்கள் ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸுக்கும் சேர்த்தே கடன் வாங்குகிறீர்கள். அதனால் முதல் ஏழெட்டு மாதம் 9.80 லட்சம் வந்தால்கூடக் கடன் அடையாது. சில கம்பெனிகள் ரோடு டாக்ஸையும் பதிவுச் செலவையும் சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம் என்பதால் உங்களுக்கு இது ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். கோட்டேஷனில் விலைக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இனி, நான் அதிகம் பயப்படுகிற இடம். கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது, நடுவில் 'லோன் சுரக்ஷா' மாதிரி ஒரு பெயரில் ஒரு தாள் இருக்கும். "சார், லோனுக்கே இன்சூரன்ஸ், எது நடந்தாலும் பேங்க் கேட்காது" என்பார்கள். அது உங்கள் உயிருக்கான காப்பீடு. நீங்கள் இறந்தால் கடன் அடையும். கார் தொலைந்தால் ஒரு பைசா வராது. பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றி, அதற்கும் 7 வருட வட்டி வாங்குவார்கள். அடமானம் வங்கிக்கு, நஷ்ட ஈட்டில் முதல் உரிமை வங்கிக்கு. ஆனால் ஐ.டி.வி.க்கும் பாக்கிக்கும் நடுவே பள்ளம் இருக்கிறது என்று ஒரு வரி எந்த வங்கி மேனேஜரும் சொல்லி நான் கேட்டதில்லை. தெரியாமல் வாங்கிவிட்டால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

டீலரிடமே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் வராது" என்பது மிரட்டல். பட்டறைக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருந்தால் வரும். 3 வருடத் தேர்ட் பார்ட்டி (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான) பிரீமியம் அரசு வைத்த விலை, அதில் பேச ஒன்றுமில்லை. ஓன் டேமேஜும் (உங்கள் வண்டிச் சேதத்துக்கானது) ஆர்.டி.ஐ. மாதிரி ஆட்-ஆன்களும்தான் பேரம் பேசும் இடம். வெளியே ஒரு கோட்டேஷன் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

சரி, ஆர்.டி.ஐ. கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வண்டி முழு நஷ்டம் என்று கணக்காக வேண்டும். அதாவது பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு இரண்டாம் வருடத்தில் அந்தக் கோடு 5.88 லட்சம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நான் சர்வேக்குப் போன வண்டிகளில் சீட் முதுகுவரை சேற்றுக்கோடு இருக்கும். கதவைத் திறந்தால் வீச்சம் தாங்காது. உங்கள் வண்டி அப்படி மூழ்கினால் பட்டறை 6.20 லட்சம் எஸ்டிமேட் போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) ஒயரிங்கில் ஒரு வரி, டாஷ்போர்டில் ஒரு வரி என்று சிவப்பு மையால் அடித்து 5.60 ஆக்குவார். அந்த இருபத்தெட்டாயிரத்தில் ஆர்.டி.ஐ. செத்துவிடும். வண்டியைப் பழுது பார்த்துத் தருவார்கள், அப்புறம் ஆயுளுக்கும் ஏதாவது ஒரு சென்சார் மக்கர் செய்யும். அதனால் முழுக்கப் பிரித்துப் பார்க்கும்வரை எதற்கும் சம்மதக் கையெழுத்துப் போடாதீர்கள், எந்தச் சாமானை ஏன் வெட்டினார் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனி மசியாவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை.

திருட்டென்றால் எஃப்.ஐ.ஆர்., இரண்டு ஒரிஜினல் சாவி, 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் சான்று எல்லாம் வேண்டும். அந்தச் சான்றுக்கு நடையாய் நடக்கும் மாதங்களிலும் தவணை கட்டியாக வேண்டும். வண்டி இல்லை என்பது வங்கியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பல கம்பெனிகள் ஆர்.டி.ஐ.யை 3 வருடம்வரைதான் தருகின்றன. உங்கள் 7 வருடக் கடனில் நான்காம் வருடத் தொடக்கத்திலும் பள்ளம் 95 ஆயிரம் இருக்கும். முடிந்தால் இன்னும் ஒன்றரை லட்சம் முன்பணம் போடுங்கள், பள்ளம் ஏறக்குறைய தூர்ந்துவிடும். நாலு லட்சம் முன்பணம் போடுகிற ஒருவர் கேட்டிருந்தால், கடனை நினைத்து ஆர்.டி.ஐ. வாங்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லி போன் வரும். "போன வருடத்தைவிட நாலாயிரம் கம்மி சார்" என்று ஆரம்பித்தால், ஐ.டி.வி.யை எவ்வளவு இறக்கியிருக்கிறார்கள், ஆர்.டி.ஐ. வரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.