நீங்கள் கேட்டவை

கேள்வி: சென்னையில் கூவம், அடையாறு கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடே கொடுத்திருக்கிறார்கள். அப்புறமும் ஏன் குறை சொல்கிறார்கள்?
- வாசகர், சைதாப்பேட்டை

பதில்: வீடு சரிதான். வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, காலை 6 மணிக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2021-லிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அது பெரிய உதவி. ஆனால் போகிற நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம் என்பதால் மழைக்காலத்தில் வெள்ளக் கவலை வேறு.

நான் வளர்ந்தது பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில். லிஃப்ட் கிடையாது. அம்மா மூன்றாவது மாடிக்குக் குடம் சுமப்பார். ஆனால் மீன் வாங்கி, தெருத்தெருவாய் விற்று, நாங்கள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருப்பார். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலோ அதன் அருகிலோ மாடி வீடு கட்டுவதே பெரும்பாலும் வழக்கம். 2000-ல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மக்களை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். நகருக்குள் நிலம் விலை அதிகம் என்பார்கள். அந்த விலைக்கு இவர்கள் உழைப்பும் ஒரு காரணம்தானே?

2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பழைய கட்டடங்களை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டும் பணியும் நடக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.