கூலிக்குக் காயவைக்கும் பெட்டி

அன்புள்ள ஐயா,

பிளாஸ்டிக் சாலை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் மதுரை அவனியாபுரத்துக்காரன். மெக்கானிக்கல் படித்தவன், வயது 27. அப்பளம் காயவைக்க ஒரு பெட்டி செய்திருக்கிறேன். வெயிலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். 40 கிலோவை மூன்றரை மணி நேரத்தில் காயவைத்துவிடும். புதுப் பொருளுக்கு மாதிரி செய்ய மத்திய அரசு பணம் தரும் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மானியம் வாங்கி, ஒன்றரை வருடத்தில் வேலையை முடித்து அறிக்கையும் கொடுத்துவிட்டேன். இரண்டு கண்காட்சிகளில் பரிசு கிடைத்தது. விலை 2,80,000 ரூபாய். இதுவரை ஒன்றுகூட விற்கவில்லை. அமெரிக்காவில் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசே பணம் கொடுத்துச் சந்தை வரை கொண்டுபோய் விடுகிறது. இங்கே நட்டாற்றில் விட்டுவிடுகிறார்கள். அடுத்து எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

இப்போதைக்கு எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம். கோபப்படாமல் மிச்சத்தையும் படியுங்கள்.

முதலில் அமெரிக்கா. நீங்கள் சொல்வது சிறு நிறுவனங்களின் புதுமை ஆராய்ச்சிக்கான எஸ்பிஐஆர் திட்டம். அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்பவர் 1977-ல் சிறிய அளவில் தொடங்கியது, 1982-ல் சட்டமானது. வெளியாருக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். 2017-ல் அந்தப் பங்கு 3.2 சதவீதமானது. முதல் கட்டத்தில் இது நடக்குமா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் மாதிரி செய்யப் பணம் தருவார்கள். மூன்றாம் கட்டம்தான் சந்தை. அந்தக் கட்டத்துக்குத் திட்டத்தின் பணத்திலிருந்து சல்லிக்காசு கிடையாது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஆகவே நட்டாறு அங்கேயும் உண்டு, கிட்டத்தட்ட அதே இடத்தில்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே பணம் கொடுத்த பாதுகாப்புத் துறையோ நாசாவோ, பொருள் பிடித்துப்போனால், மறுபடி போட்டி வைக்காமல் அதே நிறுவனத்திடம் நேராக வாங்கிக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தவரே முதல் வாடிக்கையாளராகவும் ஆகிவிடுகிறார். அங்கேயும் அரசு வாங்காத பொருளைச் செய்தவர்கள் உங்களைப் போலத்தான் தெருத்தெருவாக அலைகிறார்கள். இந்திய அரசு உங்கள் அப்பளப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

பிளாஸ்டிக் சாலையை நினைத்துப் பாருங்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினார். அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொண்டது, அப்புறம் தார் கலந்தார். கல்லூரி வளாகத்தில் 2002-ல் சாலை போட்டுப் பார்த்தார்கள், 2006-ல் காப்புரிமை வந்தது. நாட்டில் சாலை வாங்கும் ஆள் யார்? அநேகமாக அரசு ஒன்றுதான். அதனால் காசு கேட்காமல் அரசுக்கே கொடுத்துவிட்டார். 2013-ல் சாலை போடும் தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென வழிகாட்டி நூலை வெளியிட்டது. அரசு வாங்கும் பொருளுக்குக் கடை எங்கே என்றால் டெண்டர் விதியில் வரும் ஒரு வரிதான் கடை. அந்த வரியைப் பிடிக்க அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

இன்னொன்றும் நம் ஊர்தான். அரவிந்த் கண் மருத்துவமனையின் லென்ஸ் நிறுவனமான ஆரோலேப், 1992. இது அரசு மானியக் கதை இல்லை, ஆனாலும் உங்களுக்குத் தேவை. கண்புரை அறுவைக்குப் பின் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து 100 டாலர் அளவில் வந்துகொண்டிருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இங்கேயே செய்தார்கள். லென்ஸ் வெளியே வந்த அன்றைக்கே அதை வாங்க அரவிந்த் கண் மருத்துவமனை இருந்தது. குறை இருந்தால் அன்று மாலையே டாக்டர் வாயால் தெரிந்துவிடும். 11 படுக்கையோடு 1976-ல் தொடங்கிய அந்த மருத்துவமனை இல்லாமல் லென்ஸ் மட்டும் வந்திருந்தால், அதுவும் கண்காட்சியில் பரிசு வாங்கிவிட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை, என் கொட்டகையிலும் ஒன்று உட்கார்ந்திருந்தது. எழுத வருவதற்கு முன் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து புளியில் கொட்டை எடுக்கும் இயந்திரம் செய்தேன். அரசுப் பணம்தான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அவர்கள் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆய்வுக் கூடத்தில் அருமையாக ஓடியது. நத்தத்துக்குக் கொண்டுபோனோம். முதல் வாரம் சரி. இரண்டாம் வாரம் மழைச்சாரல் பட்ட புளி வந்தது. உருளையில் களியாக ஒட்டிக்கொண்டது, கத்தியால் சுரண்டி எடுத்தோம். அதைக்கூடச் சரிசெய்திருக்கலாம். வியாபாரி சொன்னதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. "பொம்பளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயித் தட்டிக் கொண்டாந்துடுறாங்க. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி, முடிஞ்சுது. கரண்டு பில்லு, ரிப்பேரு எல்லாம் நான் எதுக்குக் கட்டணும்?" விரல் நோகிறது தட்டுகிற பெண்ணுக்கு, இயந்திரம் வாங்க வேண்டியவர் வியாபாரி. வலி ஓரிடம், பணம் வேறிடம். விண்ணப்பத்தில் பதினெட்டு பக்கம் எழுதியிருந்தோம், இந்த ஒரு விஷயம் அதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. பிறகு மோட்டாரை மட்டும் கழற்றி ஒரு மாவு மில்லுக்குக் கொடுத்தேன். அது இன்றும் ஓடுகிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஜெய்ஹிந்துபுரத்தில் தெரிந்த ஒருவரின் அப்பளக் கம்பெனிக்குப் போனேன். மாடி முழுக்கத் தார்ப்பாய், அதன்மேல் அப்பளம். ஓர் அம்மா குனிந்து வரிசையாகப் புரட்டிப்போட்டுக்கொண்டே போனார், விரல் பட்டதுமே எது போதும், எது இன்னும் கிடக்கட்டும் என்று தெரிகிறது. அதிகம் காய்ந்தால் ஓரம் வளைந்து வெடிக்கும், ஈரம் நின்றால் பாக்கெட்டுக்குள் பூசணம் பூக்கும். உங்கள் பெட்டியின் படத்தைக் காட்டினேன். அந்த அம்மா கேட்டது: "மேல் தட்டு எனக்கு எட்டுமா?" முதலாளி கேட்டது: "மழை மூணு மாசம் சார். மிச்ச ஒன்பது மாசம் மேல வெயில் சும்மா கிடைக்குது. மூணு லட்சத்தைப் போட்டு வாங்கி அதுல துணி காயப்போடவா?"

இவை இரண்டும் உங்கள் அறிக்கையில் இருக்காது என்று நினைக்கிறேன். மானியம் கொடுத்தவர் கேட்டது பெட்டி காயவைக்கிறதா என்று. காயவைக்கிறது, நிரூபித்துவிட்டீர்கள், அது சின்ன வேலையல்ல. முதலாளி கேட்பது வேறு கணக்கு. அடுத்த மானியம் வாங்கினால் இன்னும் நல்ல சென்சாரும் தொடுதிரையும் வைத்து விலையை மூன்றரை லட்சமாக்குவீர்கள். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

எனக்குத் தோன்றுவது இது. பெட்டியை விற்காதீர்கள், காயவைப்பதை விற்றுப் பாருங்கள். நம் ஊரில் யாரும் வீட்டுக்கு வீடு மாவு மில் வாங்கியதில்லை, கூலிக்கு அரைத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் அப்பளக் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் ஒரு அறை பிடித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று காயவைத்துக் கொடுங்கள். மழைநாளில் ஆர்டர் தவறிப்போகிற முதலாளிக்குக் கூலி பெரிய விஷயமாகத் தெரியாது. தை பிறந்ததும் பெட்டியை ஆண்டிபட்டிப் பக்கம் கொண்டுபோனால் முருங்கை இலை இருக்கிறது. அதை வெயிலில் போட்டால் நிறம் போய்விடும், அவர்களுக்கு உங்கள் பெட்டி பன்னிரண்டு மாதமும் வேண்டும். யார் கண்டது, அப்பளப் பெட்டி என்று நீங்கள் செய்தது கடைசியில் முருங்கைப் பெட்டியாகவே நிலைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மானியப் பணத்தில் செய்த மாதிரியைக் கூலிக்கு ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் உங்களுக்கு மானியம் வழங்கிய இன்குபேட்டர் மையத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் கண்காட்சிக்குக் கொண்டுபோனீர்களா? இல்லையென்றால் இப்போது அதற்குச் செலவழிக்கும் முன் ஒரு காப்புரிமை ஏஜென்டைப் பாருங்கள், பொதுவில் காட்டிவிட்ட பொருளுக்குச் சிக்கல் வரும். எப்படியும் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நல்ல தகர வேலைக்காரர் உங்கள் பெட்டியைப் பார்த்து அதேபோல் ஒன்றை ஒரு வாரத்தில் இறக்கிவிடுவார். எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம், எந்த மாவுக்கு எவ்வளவு என்ற கணக்கை அவரால் இறக்க முடியாது. அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.

திட்டம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு மானியம் தேடாமல், வாங்குகிறவருக்குத் தேடுங்கள். சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் இயந்திரத்துக்கு வங்கிக் கடன் எடுத்தால் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று அறிவித்தார்கள். இன்றைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு கொட்டேஷனும், பழுதானால் வருவதற்கு ஓர் ஆளும் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவரின் இயந்திரத்துக்கு எந்த வங்கி மேலாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஞாயிறு மதியம் ஜெய்ஹிந்துபுரம் வாருங்கள், நானும் வருகிறேன். பெட்டி வேண்டாம், தட்டு ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள். கூடவே தரையிலிருந்து மேல் தட்டு எத்தனை அங்குல உயரம் என்று அளந்துகொண்டு வாருங்கள். அந்த அம்மா என் தோளுக்குக் கீழேதான் இருக்கிறார்.