இளையோர் பதில்கள்: கணினி, உலாவி, கைப்பேசி

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறேன், வயது பதினேழு. மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளி விட்டு வந்த பிறகு, மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை கடைக் கணினி என் பொறுப்பு. விண்ணப்பம் நிரப்ப வருபவர்கள், அச்செடுக்க வருபவர்கள், "போன் என்னமோ பண்ணுது, பாரு தம்பி" என்று கேட்டு வருபவர்கள் எனப் பலருடைய கருவிகள் அந்த மூன்று மணி நேரத்தில் என் கைக்கு வந்து போகும். இந்த இதழுக்கு வந்த தொழில்நுட்பக் கேள்விகளுக்கு இளையவர் ஒருவர் பதில் எழுதட்டும் என்று ஆசிரியர் குழு விரும்பியதால், நான் கண்டு தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

2017இல் வாங்கிய என் மடிக்கணினி திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறான் பேரன். மின்னஞ்சல், யூடியூப், வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தவிர எனக்கு வேறு தேவை இல்லை. வாங்கத்தான் வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

வேண்டாம், ஐயா. உங்கள் பேரன் சொல்வதில் பாதி உண்மை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11, கணினியின் மூளையான இன்டெல் சில்லுகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் இருந்தால்தான் முறைப்படி ஏறும் என்பதால், 2017இல் வாங்கிய கணினிக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கும். ஆனால் உங்கள் கணினி மெதுவாக இயங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தக் காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டுதான் இருக்கிறது. கோப்பு ஒவ்வொன்றையும் எடுக்க அதன் முனை அங்குமிங்கும் நகர்ந்து தேட வேண்டும் என்பதால், சில்லு சும்மா காத்திருக்கிறது. எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே கிடையாது; வட்டை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினால் போதும்.

என் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினிக்கும் இதே நோய்தான் இருந்தது. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அதன் பின்மூடியைக் கழற்றினேன். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லை என்பது மூன்றாவதைக் கழற்றும்போதுதான் தெரிந்தது; ஒரு வெள்ளைத் தாளில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்தில் எடுத்தேனோ அந்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வைத்தேன். ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய 256 ஜிபி எஸ்எஸ்டியைப் பொருத்திய பின், மூன்றரை நிமிடம் ஆகிவந்த தொடக்கம் அரை நிமிடத்துக்குள் முடிந்தது. அக்கா இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல என்பதால் அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துக்குக் கட்டணம் இல்லை; 4 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) இருந்தால் நன்றாக ஓடும். அதைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு வாரம் அப்படிப் பார்த்துப் பிடித்திருந்தால், படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு நிறுவிக்கொள்ளுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் போன்று விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை என்பதால் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்; அவன் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

எல்லாரும் குரோம் பயன்படுத்தும்போது இளைஞர்கள் சிலர் மட்டும் ஃபயர்ஃபாக்ஸ் என்று பிடிவாதம் பிடிப்பது ஏன்? உலாவி எதுவாக இருந்தால் என்ன, பக்கம் திறந்தால் போதாதா?
— வாசகர், கோவை

அந்தச் சிலரில் நானும் ஒருவன், ஐயா. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உலாவிக்குள் ஓர் இயந்திரம் இருக்கிறது. இணையதளம் அனுப்பும் குறிமுறையைப் படித்துப் பக்கமாக வரைந்து காட்டுவது அதுதான். குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், விவால்டி எனப் பெயர்கள் பலவாக இருந்தாலும் கணினியில் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம்தான். மைக்ரோசாஃப்ட்டே தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் குரோமியத்தின் மேல் கட்டிய எட்ஜை வெளியிட்டது. ஆப்பிளின் சஃபாரியையும் ஃபயர்ஃபாக்ஸையும் விட்டால், பெருவாரியாகப் புழங்கும் வேறு இயந்திரம் எதுவும் இல்லை.

ஒரே இயந்திரம் நாட்டை ஆண்டால் என்ன ஆகும் என்பதை நான் பிறப்பதற்கு முன்பே உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 போட்டியே இல்லாத நிலையை அடைந்தது. அதன் அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. இடையில் 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து, ஒரே சாளரத்தில் பல தாவல்களையும், தானாகத் துள்ளி எழும் விளம்பரச் சாளரங்களைத் தடுக்கும் வசதியையும் பரவலாக்கிய பிறகுதான் இணையம் மீண்டும் அசையத் தொடங்கியது. அந்த ஐந்தாண்டுத் தேக்கம் திரும்பக் கூடாது என்பது என் கவலை. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலை அதில் முதன்மையாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம் என்பதும் எனக்குத் தெரியும். அது வருத்தத்துக்குரியதே, ஆயினும் தனி இயந்திரம் ஒன்று உயிரோடிருப்பதை அதற்காக நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அன்றாடப் பயனும் ஒன்று உண்டு. தேர்வு நுழைவுச்சீட்டு எடுக்க வருபவர்கள், உண்மையான இணைப்பு கீழே சிறிய எழுத்தில் இருக்க, மேலே பச்சை நிறத்தில் பளிச்சிடும் 'டவுன்லோடு' விளம்பரப் பொத்தானைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். அவர்கள் மேல் பிழையில்லை. அழுத்துவதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கடைக் கணினியில் ஃபயர்ஃபாக்ஸையும் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானையும் போட்ட பிறகு அந்தப் பொத்தான்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நீட்சிகளுக்கான, அதாவது இந்தத் தடுப்பானைப் போல உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்களுக்கான, விதிகளைக் கூகுள் மாற்றியதால் அந்தத் தடுப்பானின் முழு வடிவம் இப்போது குரோமில் ஓடுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸில், ஆண்ட்ராய்டு கைப்பேசியில்கூட, ஓடுகிறது. சில அலுவலகத் தளங்கள் குரோமை மட்டுமே மனத்தில் வைத்துக் கட்டப்பட்டிருப்பதால் கடையில் அதையும் வைத்திருக்கிறேன். பக்கம் திறந்தால் போதும் என்று நாம் எல்லாரும் இருந்துவிட்டால், அப்படிப்பட்ட தளங்கள் பெருகிக்கொண்டே போகும்.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்கிறாளே என் மகள், உண்மையா?
— வாசகி, திருநெல்வேலி

இல்லை, அம்மா. இன்காக்னிட்டோ என்பது உலாவியில் தனியாகத் திறக்கும் ஒரு சாளரம். அதை மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியலும் குக்கிகளும் (தளங்கள் கருவியில் விட்டுச்செல்லும் சிறு பதிவுகள்) அந்தக் கருவியிலிருந்து நீங்கும், அவ்வளவுதான். இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும், சென்று பார்த்த தளத்துக்கும், பள்ளி வலையமைப்பாக இருந்தால் அதன் நிர்வாகிக்கும் வருகை தெரியக்கூடியதே.

ஆனால் அது உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு: எங்கள் கடையைப் போன்ற கடைகள். அச்செடுக்க வருபவர் கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, கைப்பேசியால் ஸ்கேன் செய்து, ஆதார் நகலைப் பதிவிறக்கி, அச்சானதும் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவருடைய உரையாடல்கள் திரையிலேயே நிற்கின்றன. நான் கடைக்கு வந்த புதிதில் ஒரு நாள் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் திறந்து பார்த்தேன்: ஆதார் அட்டைகள், சாதிச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். எல்லாம் எங்கள் ஊர்க்காரர்களுடையவை. அன்று இரவே அனைத்தையும் அழித்தேன். இப்போது ஒவ்வொருவர் வேலையையும் இன்காக்னிட்டோவில் செய்து, பதிவிறக்கிய கோப்பை, அது தானாக நீங்காது என்பதால், கையால் அழித்து, மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்கிறேன். எல்லாக் கடைகளிலும் இப்படிச் செய்வார்கள் என்று சொல்ல இயலாது. ஆகவே கடையை விட்டு இறங்குமுன் உங்கள் கைப்பேசியில் வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதைத் திறந்து, அந்தக் கணினியை வெளியேற்றிவிடுங்கள். கோப்பை அழிக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்பட வேண்டாம், அம்மா.

கல்லூரிக்குப் போகும் மகளுக்குக் கைப்பேசி வாங்க வேண்டும். 'எட்டும் எட்டும் பதினாறு ஜிபி ரேம்', 'ஐம்பது மெகாபிக்சல்' என்று கடையில் சொல்வதை நம்பலாமா?
— வாசகர், சேலம்

எட்டு மட்டுமே ரேம், ஐயா. மற்ற எட்டு, சேமிப்பகத்திலிருந்து ஒதுக்கிக்கொள்ளும் இடம். ரேமின் வேகம் அதற்கு இல்லை. ஐம்பது மெகாபிக்சல் கேமராக்களில் பல, நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு மெகாபிக்சல் அளவிலான படத்தையே வழக்கமாகத் தருகின்றன. அதில் பிழையில்லை, இருட்டில் படம் தெளிவாக வரும். ஆனால் அந்த எண்ணுக்காக விலை கூட்டித் தர வேண்டியதில்லை.

கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும்? கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தன. அவை விலை உயர்ந்தவை. நடுத்தர விலைக் கைப்பேசிகளில் இது மாடலுக்கு மாடல் வேறுபடும். நிறுவனத்தின் தளத்தில் குறிப்பிட்டிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மின்கலம் தளரும்போது மாற்றித் தரும் சேவை மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். மின்கலத்தை மட்டும் மாற்றியிருந்தால் இன்னும் மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கக்கூடிய கைப்பேசிகளை மக்கள் பாதி விலைக்கும் குறைவாக விற்றுவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அண்ணா, இரவு முழுக்க சார்ஜ் போட்டால் போன் வெடிக்குமா?
— ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

நல்ல சார்ஜராக இருந்தால் பயமில்லை, தம்பி; மின்கலம் நிறைந்ததும் கைப்பேசியே சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். மின்கலத்துக்குப் பகை வெப்பம்தான். தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைத்து சார்ஜ் போடாதே. முதுகு உப்பியிருந்தால் அந்தக் கைப்பேசியைத் தொடாமல் உடனே அப்பாவிடம் சொல்.

திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அழுத்தினேன், எதையோ நிறுவச் சொன்னது. பயந்து விட்டுவிட்டேன். சரிதானா?
— வாசகி, விருதுநகர்

மிகவும் சரி, அம்மா. கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அல்ல, செயலி. நிறுவினால் குறுஞ்செய்திகளைப் படித்து வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்களை (ஓடிபி) திருடக்கூடும். பணம் போய்விட்டவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்ய ஆசை. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் முறையே எளிது என்கிறார்கள். உங்கள் கருத்து?
— வாசகி, புதுச்சேரி

தொடங்க அது எளிது, அம்மா; தொடர்ந்து எழுதுவதற்குத் தமிழ் 99 விசைப்பலகையே எளிது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு அது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'தங்கம்' என்பதில் ங-வை அடுத்துக் க வந்ததுமே ங் ஆகிவிடும். நம் மொழியில் எந்த மெய்யை அடுத்து எது வரும் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை இது. முதல் முறை அந்தப் புள்ளி தானாக விழுந்ததைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலவில்லை. ஆங்கில எழுத்தின் வழியே அடிக்கும்போது ல, ள, ழ மூன்றில் எது என்பதை மென்பொருள் ஊகிக்கிறது, நாமும் அது தந்ததை ஏற்றுக்கொள்கிறோம். தமிழ் 99இல் ழ வேண்டுமென்றால் ழ-வைத்தான் அழுத்த வேண்டும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இந்த விசைப்பலகை உண்டு; கைப்பேசிக்குச் செல்லினம் செயலி இருக்கிறது. கணினியின் விசைகள் மேல் ஒட்டுவதற்குச் சிறு தாள்களில் எழுத்துகளை எழுதிக்கொள்ளுங்கள். நாளுக்கு இருபது நிமிடம், உங்கள் பெயர், தெருவின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள் என்று அடித்துப் பழகுங்கள். கடைக் கணினியில் நான் ஒட்டிய தாள்களில் பெரும்பாலானவற்றை மூன்றாம் வாரத்தில் உரித்துவிட்டேன். ஞ, ங, ஔ மூன்றும் இன்னும் ஒட்டியபடி இருக்கின்றன.